வளைவில் சாயாத கார்: சஸ்பென்ஷனை விறைப்பாக்கும் முறை, புதியவர்களுக்காக

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய ஸ்விஃப்டில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் கார் ஒரு பக்கமாகப் படுத்து, மெதுவாகத்தான் நிமிரும். சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்தையும் காரின் உடலையும் இணைக்கும் அமைப்பில், விறைப்பான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காரைத் தூக்கிப் பார்த்தால், முன்பக்க லிங்க் ராட் (சக்கரப் பகுதியை ஸ்டெபிலைசர் பார் என்ற குறுக்குக் கம்பியோடு இணைக்கும் சிறு தண்டு) இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தது. அவற்றை மாற்றியதிலேயே பாதிச் சாய்வு போய்விட்டது. அதனால்தான் இந்த வேலையில் வரிசை முக்கியம் என்று சொல்கிறேன்: முதலில் தேய்ந்ததை மாற்றுங்கள், அப்புறம் விறைப்பைக் கூட்டுங்கள்.

படி 1: இப்போது இருப்பதை எழுதி வையுங்கள்

டிக்கியில் கிடக்கும் தேவையில்லாத சுமையை இறக்கிவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். பிறகு நன்றாகப் பழகிய ஒரு சாலையில் வழக்கமான வேகத்தில் ஓட்டி, எங்கே சாய்கிறது, எங்கே சத்தம் வருகிறது என்று எழுதுங்கள்.

படி 2: டயர்

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைவில் மடியும். அதையே பலர் சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் சரியான அழுத்தம் இருக்கும். கார் ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குக் காற்று பிடியுங்கள்.

படி 3: தேய்ந்தவற்றைத் தேடுங்கள்

காரின் ஒரு மூலையை உடல் எடையால் அழுத்தி விடுங்கள். ஒரே முறை எழும்பி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் அந்த ஷாக் போய்விட்டது. நின்றுவிட்டாலும் ஷாக் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அரைகுறையாகத் தளர்ந்த ஷாக் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதனால் ஷாக்கின் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ் என்ற ரப்பர் மூட்டில் வெடிப்பு, அந்தக் கை சக்கரப் பக்கம் சேரும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையில் கிழிசல் இருந்தால் எதையும் கூட்டுவதற்கு முன் மாற்றியாக வேண்டும்.

ஷாக்கை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஸ்விஃப்ட் போன்ற கார்களில் முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே ஸ்ட்ரட்டாகச் சேர்ந்திருக்கும். அதைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. புதியவர்கள் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 4: லிங்க் ராட், நீங்களே மாற்றலாம்

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்துங்கள். முன்பக்கம் இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நின்று லிங்க் ராட்டை இழுக்கும், கழற்ற வராது. துரு இருந்தால் எண்ணெய் தெளித்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். நட்டைத் திருப்பும்போது உள்ளே தண்டும் சேர்ந்து சுற்றும். அதன் முனையில் உள்ள குழியில் ஆலன் கீ கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். புதியதைப் பொருத்தி, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு முடுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள்.

லோயர் ஆர்ம் புஷ் விஷயம் வேறு. அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒரு பட்டறையில் அப்படித்தான் முடுக்கிக் கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே என் புது புஷ் கிழிந்துவிட்டது. கடைசி முடுக்கு காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான்.

படி 5: ஸ்டெபிலைசர் பார்

இனித்தான் உண்மையான விறைப்பு. ஸ்பிரிங்குக்கு முன் நான் பாரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது பார் சும்மா இருக்கும். கார் சாயும்போதுதான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சி மறுபக்கத்துக்கும் போகும், அது ஓர் இழப்பு. தடிமன் கொஞ்சம் கூடினாலே விறைப்பு வெகுவாகக் கூடும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 மி.மீ. பாருக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் சுமார் 46 சதவீதம் அதிகம்.

முன் சக்கர இழுவைக் காரில் ஒரு கவனம் வேண்டும். முன்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வளைவுக்கு வெளியே தள்ளும். பின்பக்கத்தை அளவுக்கு மீறி விறைப்பாக்கினாலோ, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் வால் வீசும். மழைக்கால மலைச்சாலையில் அது பயங்கரம். ஸ்விஃப்டில் பின் சக்கரங்களை இணைக்கும் குறுக்குச் சட்டமான டார்ஷன் பீமே முறுக்கிக்கொண்டு பாரின் வேலையை ஓரளவு செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: ஸ்பிரிங்

இன்னும் போதவில்லை என்றால் மட்டும். புது ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக்கும் கூடவே வேண்டும். பழைய ஷாக்கால் விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க முடியாது. துள்ளும்போது டயர் தரையை விட்டு எழும், பிடிமானம் போய்விடும். நம் சாலைகளில் கல் போல இறுகிய கார் வேகமாகப் போகாது, தத்தித் தத்தித்தான் போகும்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். சுற்று குறைந்தால் விறைப்பு கூடுவது உண்மைதான். ஆனால் வெட்டிய முனை ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது இடம் மாறிவிடலாம். கார் தாழ்ந்து, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் இடித்துக்கொண்டே ஓடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே ஸ்பிரிங் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் தரப்பிலும் கேட்டுவிடுங்கள்.

படி 7: அலைன்மென்ட்

ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், ஸ்பிரிங் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, கட்டாயம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, படி 1-இல் ஓட்டிய அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபார்த்து, உயரத்தை மறுபடி அளங்கள். கார் தாழ்ந்திருந்தால் ஹெட்லைட் விழும் இடமும் மாறியிருக்கும், அதையும் சுவருக்கு எதிரே நிறுத்திச் சரிசெய்துவிடுங்கள்.