முழங்கால் ஆபரேஷன், வீக்கம், ஒரு தலையணை

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து 12 நாள். கட்டிலில் படுத்திருந்த அம்மாவின் முழங்காலுக்கு நேர் கீழே ஓர் இலவம்பஞ்சுத் தலையணையை மடித்துச் செருகியிருந்தார்கள். "வீங்குதுன்னு மகன்தான் வச்சுவிட்டான். நல்லா இதமா இருக்கு தம்பி" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் மேல் கோபமில்லை. 27 வயதில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்டபோது, பிசியோதெரபி படித்து முடித்திருந்த நானே இதைத்தான் செய்தேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், தையலை நனைக்காதீர்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கும். அதை விட்டுவிடுகிறேன். வீக்கம் வடியட்டும் என்று வீட்டில் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முட்டிக்கு அடியில் தலையணை

இதமாக இருப்பது உண்மைதான். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது முட்டி சற்று மடங்கினால் உள்ளே அழுத்தம் குறையும், வலியும் அடங்கும். அதனால் கால் தானாகவே அந்த மடக்கைத் தேடிப் போகும். நாள் முழுக்க அப்படியே கிடந்தால் முட்டியின் பின்பக்கத் தசைகளும் மூட்டைச் சுற்றிய உறையும் அதே நிலையில் இறுகிவிடும். வீக்கம் இன்னொரு வேலையும் செய்கிறது: தொடையின் முன்தசையை மந்தமாக்கிவிடுகிறது. காலை நீட்டித் தர வேண்டிய தசையே அதுதான். அப்புறம் 10, 15 டிகிரி குறையாக நின்றுவிட்ட காலோடு நொண்ட வேண்டியதுதான்.

நான் 3 வாரம் தலையணை வைத்தேன். வீக்கம் வடிந்தது, கால் நீளவில்லை. குப்புறப் படுத்து, கட்டில் விளிம்புக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு, அதை மீட்க 4 மாதம் ஆயிற்று. கட்டில் சட்டத்தைக் கடிக்காத குறை.

குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்குக் கீழே வெறுமையாக இருக்கட்டும். குதிகால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு 2, 3 தலையணை தேவைப்படலாம். கால் நீளுகிறதா என்று பார்க்க, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குப் பின்னால் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போனால் பிசியோவிடம் உடனே சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கும் மாற்றி வைத்தேன். "ஐயோ, இழுக்குதே!" "இழுக்கட்டும்மா." கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் தலையணை பழைய இடத்தில்.

ஸ்டூலில் கால்

சீரியல் முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் வைப்பது, காலைத் தூக்கி வைத்த கணக்கில் வராது. படுத்துத்தான் ஆக வேண்டும்.

ஐஸை மறந்து தூங்குவது

துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். தையலைச் சுற்றித் தோல் மரத்திருக்கும். குளிர் புண்ணாக்குவதே தெரியாது.

தைலம், சூட்டு ஒத்தடம்

இப்போது வேண்டாம்.

முட்டியில் மட்டும் கிரேப் பேண்டேஜ்

முட்டியில் மட்டும் இறுக்கிச் சுற்றினால் கணுக்கால் கொழுக்கட்டையாகிவிடும். சுற்றச் சொல்லியிருந்தால் பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள்.

"இன்னிக்கு நல்லா இருந்துச்சு, நடந்துட்டேன்"

மாலையில் வீங்கி, காலைக்குள் வடிந்தால் சரி. விடிந்தும் வடியவில்லை என்றால் முந்தின நாள் நடை அதிகம், பாதியாகக் குறையுங்கள். மூட்டு மாற்றிய பிறகு 3 முதல் 6 மாதம் கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும். பலர் இரண்டாம் மாதமே பதறிப்போய் போன் செய்கிறார்கள்.

கெண்டைக்காலை அமுக்கிவிடுவது

பாசத்தில் பேரன் பேத்திகள் செய்வார்கள். அமுக்க விடாதீர்கள். கெண்டைக்கால் இறுகி, சூடாகி, தொட்டாலே வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ எனக்குப் போன் செய்யாதீர்கள், 108-க்குச் செய்யுங்கள்.