'அர்கிடோ' முதல் 'மர்ம நபர்' வரை: குழந்தை காணாமல்போன செய்திகளில் நாம் சறுக்கும் இடங்கள்

2007 மே 3 இரவு. போர்ச்சுகலின் தென்கடற்கரையில் பிரையா த லூஸ் என்ற சிற்றூர். விடுமுறைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் தம்பதியின் மூன்று வயது மகள் மேடலின் மெக்கான் படுக்கையில் இல்லை. போலீஸ் ஒருவருக்கு வைக்கும் பெயரை ஊடகங்களும் நாமும் எப்படித் தப்பாகப் படிக்கிறோம் என்பதற்கு இந்த வழக்கு போதும்.

முதலும் பெரியதுமான தவறு, சட்டச் சொல்லைத் தெருப்பேச்சாக மாற்றிவிடுவது. குழந்தை காணாமல்போய் இரண்டு வாரம் ஆவதற்குள், பக்கத்தில் குடியிருந்த ஒரு பிரிட்டிஷ்காரரைப் போர்ச்சுகல் போலீஸ் 'அர்கிடோ' என்று அறிவித்தது. செப்டம்பரில் பெற்றோர் இருவரையும் அப்படியே அறிவித்தது. உலகம் முழுக்க அது 'சந்தேக நபர்' என்று போனது. அங்கிருந்து 'செய்தவர்' என்ற இடத்துக்குப் போகப் பல பேருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனால் அர்கிடோ என்பது விசாரணையில் ஒருவருக்குத் தரப்படும் சட்டநிலை. அந்த நிலை வந்தால் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். விசாரணை தன் பக்கம் திரும்புவதாக நினைக்கும் ஒருவர், 'என்னை அர்கிடோ ஆக்குங்கள்' என்று தானே கேட்கவும் முடியும். பிரிட்டிஷ் சட்டத்தில் இதற்குச் சரியான இணை கிடையாது. அதனால் கிடைத்த சொல்லைப் போட்டார்கள்.

2008 ஜூலையில் ஆதாரம் இல்லை என்று மூவர் மீதும் இருந்த அந்த நிலையைப் போர்ச்சுகல் நீக்கியது. அதற்கு முன்பே, மார்ச்சில், டெய்லி எக்ஸ்பிரஸும் டெய்லி ஸ்டாரும் பெற்றோரிடம் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, தேடுதல் நிதிக்கு 5,50,000 பவுண்டு தந்திருந்தன. பக்கத்தில் குடியிருந்தவருக்குப் பல பிரிட்டிஷ் பத்திரிகைகள் சேர்ந்து 6,00,000 பவுண்டு கொடுத்தன. மகளைத் தேடிக்கொண்டிருந்த தாய் அத்தனை மாதம் அந்தத் தலைப்புகளைப் படித்திருக்கிறாள். அதற்கு எந்தத் தொகையும் ஈடில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் ஊரிலும் இதே சறுக்கல் உண்டு. தமிழ்நாட்டில் போலீஸ் காகிதத்தில் 'எதிரி' என்று எழுதுவார்கள். மறுநாள் செய்தியில் அவர் 'குற்றவாளி' ஆகியிருப்பார். குற்றவாளி என்பது தீர்ப்புக்குப் பிறகு வரும் சொல். அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. வெறுமனே விசாரணைக்குக் கூப்பிட்டவரை அப்படிக்கூடச் சொல்ல முடியாது. சாட்சியையும் கூப்பிட்டுத்தான் விசாரிப்பார்கள். ஆனால் 'கிடுக்கிப்பிடி விசாரணை' என்று எழுதிவிட்டால் சாட்சியும் திருடனாகத்தான் தெரிவார்.

அடுத்தது, கண்ணில் பட்டவரை எல்லாம் கடத்தியவராக ஆக்குவது. மேடலின் காணாமல்போன இரவு 9.15 மணி வாக்கில், பைஜாமா போட்ட ஒரு சிறுமியைக் கைகளில் குறுக்கே ஏந்தியபடி ஒரு ஆள் தெருவைக் கடந்து போனதைப் பெற்றோரின் தோழி ஒருவர் பார்த்தார். அந்த உருவத்தை வரைந்து உலகம் முழுக்கக் காட்டினார்கள். ஆறு வருஷம் அவர்தான் கடத்தல்காரர் என்று பேச்சு. 2013-ல் லண்டன் போலீஸ் சொன்னது: அது பெரும்பாலும், விடுமுறைக்கு வந்த இன்னொரு அப்பா, விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் இருந்து தன் சொந்த மகளைத் தூக்கிக்கொண்டு போனது. போலீஸ் ஒருவரைத் தேடுகிறது என்றால், அவர் பார்த்த ஏதோ ஒன்று வேண்டும் என்றும் இருக்கலாம். சந்தேகப் பட்டியலில் இருந்து அவரைக் கழித்துவிடவும் இருக்கலாம். 'சிசிடிவியில் சிக்கிய மர்ம நபர்' என்ற தலைப்பில் 'சிக்கிய' என்ற ஒரு சொல் அந்த வாசலையே அடைத்துவிடுகிறது.

இந்தியாவில் இன்னொரு தவறும் நடக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்ற அனுமானத்தோடு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, தேடல் தாமதமாகாது. ஆனால் 'கடத்தல் வழக்குப் பதிவு' என்று படித்ததும், கடத்தியவர் யார் என்று போலீஸுக்குத் தெரிந்துவிட்டது என எடுத்துக்கொள்கிறோம். கோபித்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளைக்கும் அதே வழக்குதான்.

வழக்குக்கு வைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். 2020-ல் மேடலின் இறந்துவிட்டதாகவே கருதுகிறோம் என்றது, இந்த வழக்கில் ஒரு ஜெர்மன்காரரை விசாரித்துவந்த ஜெர்மன் அரசு வழக்கறிஞர் தரப்பு. அதே நாட்களில் லண்டன் போலீஸுக்கு அது காணாமல்போனவர் வழக்குதான். இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் இரண்டும் பொய்யாகிவிடும்.

அப்புறம் வாட்ஸ்அப். 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, வழியில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரார் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். போலீஸ் அவரைச் சந்தேக நபர் என்று சொல்லவில்லை, எந்தச் செய்தித்தாளும் சொல்லவில்லை. பட்டம் கட்டியது கைபேசிகள்தான்.

காணாமல்போன குழந்தையின் படத்தைப் பகிருங்கள். எந்தக் காவல் நிலையம், எந்தத் தேதி என்று சேர்த்துப் பகிருங்கள். இன்னொருவர் படத்தைச் சேர்க்காதீர்கள். குழந்தை கிடைத்துவிட்டால் அதே குழுவில் 'கிடைத்துவிட்டாள்' என்று போட்டு, பழைய படத்தை நீக்கிவிடுங்கள்.