ஆழ்கூளமும் காற்றோட்டமும்: கோழிக் கொட்டகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டகையில் நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டால், "அப்படி ஒன்றும் இல்லையே" என்பார்கள் பலர். நின்றுகொண்டு சொல்கிற பதில் அது. கோழி மூச்சு விடுவது நம் முழங்காலுக்குக் கீழே. காலையில் கதவைத் திறந்த கையோடு உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால், அம்மோனியா எப்போதோ ஏறிவிட்டது என்று பொருள். காற்றில் அது பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். தினமும் அங்கேயே புழங்குகிறவருக்கு மூக்கு மரத்துப் போயிருக்கும், அதனால் வெளியாள் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்வதும் நல்லதே.

எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். தரையில் பரப்பும் உமி, மரச்சீவல் போன்ற கூளம் அதை உறிஞ்சிக்கொள்ளும், காற்று அதை வெளியே கொண்டுபோகும். இரண்டில் ஒன்று நின்றாலும் ஈரம் தங்கிவிடும். ஈரம் தங்கினால் நுண்ணுயிர்கள் எச்சத்தைச் சிதைத்து அம்மோனியாவைக் கிளப்பும். கோழிக்குப் பாதப் புண், ரத்தக் கழிச்சல் எல்லாம் பெரும்பாலும் இந்த ஈரத்தோடு சேர்ந்தே வருகின்றன.

ஆனால் இரண்டு விரல் கனத்துக்குத் தூவிவிட்டு அதையே ஆழ்கூளம் என்கிறோம். தொடக்கத்திலேயே 10 சென்டிமீட்டராவது வேண்டும், பிறகு மேலே மேலே சேர்த்துக்கொண்டே போகலாம். மாவு போன்ற மரத்தூள் வேண்டாம், தூசி கிளம்பும், குஞ்சுகள் கொத்தித் தின்னும். மரச்சீவல், உமி நன்றாக இருக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: கையை விரித்ததும் மெல்ல உதிர்ந்தால் சரியான பதம். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். ஒட்டவே ஒட்டாமல் பறந்தால் அதுவும் சரியில்லை, தூசியால் மூச்சுக் கோளாறு வரும்.

நாற்றம் வந்ததும் சுண்ணாம்பை அள்ளித் தெளிக்கிறார்களே, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு விழுந்தால் காரத்தன்மை ஏறி, அடைபட்டிருந்த அம்மோனியாவும் கிளம்பிவிடும். முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அது கோழியின் முதுகு உயரத்தில் இருந்தால் பாதிச் சிந்தல் நின்றுவிடும். தொட்டியடியிலும், இரவில் கோழி அடையும் கம்புக்கு அடியிலும் கட்டிதட்டிய கூளத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மீதியைக் கிளறிவிடலாம், ஆனால் பகலில், திறப்புகள் எல்லாம் திறந்திருக்கும்போது. இரவில் அடைத்துவைத்துக்கொண்டு கிளறினால், கிளம்பும் அம்மோனியா அத்தனையும் கோழிக்குத்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, குளிருக்குப் பயந்து மூடிவிடுவது. பனிக்காலத்தில் படுதாவை இறக்கி, சந்து பொந்தெல்லாம் சாக்கால் அடைத்துவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் கூரையின் உட்புறம் நீர் முத்து முத்தாக நிற்கும், சொட்டுகிற தண்ணீர் கூளத்துக்கே திரும்பி வரும். இறகு உள்ள வளர்ந்த கோழி, உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும், ஈரக் குளிரைத்தான் தாங்காது. தடுக்க வேண்டியது அடைந்திருக்கும் கோழியின் மேல் நேராக வீசும் காற்றை மட்டும். வெப்பக் காற்று மேலே போவதால், அடையும் கம்பைவிட உயரத்தில், கூரையை ஒட்டி இருபுறமும் திறப்பு இருக்க வேண்டும். அதை எந்தக் காலத்திலும் அடைக்காதீர்கள். கீழ்ப்பக்கத்தை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கூளத்தை மாற்றும்போது மந்தையில் நோய் இருந்திருந்தால் ஒரு பிடி கூட மிச்சம் வைக்காதீர்கள். நோய் இல்லையென்றால் உலர்ந்த பழைய கூளத்தில் கொஞ்சம் விட்டுவைத்து, அதன்மேல் புதியதைப் பரப்பலாம். எச்சத்தை மக்கவைக்க உதவும் நுண்ணுயிர்கள் அதில் ஏற்கெனவே இருக்கும்.