செம்மண்ணிலிருந்து தொடங்குங்கள்: முதல் ரயில் கிட், முதல் டயோராமா

பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி ரயில் கிட் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பையோடு தோட்டத்துப் பக்கம் போய் இரண்டு கை செம்மண் அள்ளி வாருங்கள். எஞ்சின் ஒட்டுவதை இரண்டு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் டயோராமாவில், அதாவது அது நிற்கிற சின்னக் காட்சிப் பலகையில், தரை நம் மலேசியச் சுங்கை சிப்புட் தரையாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதல் கிட்டுக்கு நான் சொல்வது டாப்போல் நிறுவனத்தின் ‘பக்’ என்ற சின்ன நீராவி எஞ்சின். 1:76 அளவு (அசலில் 76-இல் ஒரு பங்கு), மோட்டார் கிடையாது, நான்கே சக்கரம். அசல் எஞ்சின் இங்கிலாந்துத் துறைமுகங்களின் நெருக்கமான வளைவுகளில் வேலை செய்தது. ஏ4 தாள் அளவுப் பலகையில் தாராளமாக அடங்கும்.

பாகங்களைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்காதீர்கள். நிப்பரால் (சிறு வெட்டுக்குறடு) சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் நெருக்கி இன்னொரு வெட்டு, மிச்சத்தை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் போதும். பசை தொடுமுன் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். டாமியாவின் மெல்லிய சிமெண்ட் என்ற பிளாஸ்டிக் பசையைத் தூரிகை நுனியால் இடுக்கில் தொட்டால் தானே உள்ளே ஓடும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கிறது, அதனால் பெயிண்ட் அடித்த இடத்தில் பிடிக்காது, சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். சக்கரங்களைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, பசை காயும் முன்பே நான்கும் தரை தொடுகின்றனவா என்று பாருங்கள்.

ஸ்ப்ரே அடிக்க வெயில் ஏறிய முற்பகல்தான் நல்லது. மழை விட்ட ஒரு மாலையில் நான் அடித்த கறுப்பு, காற்றின் ஈரத்தில் வெள்ளை பூத்துப்போய், முழுவதையும் தேய்த்து மறுபடி அடித்தேன்.

சரி, இப்போது மண். வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, பழைய வாணலியில் பத்து நிமிடம் வறுத்துவிடுங்கள். வறுக்காமல் போட்டதில் இரண்டே வாரத்தில் பூசணம் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். பலகை பிளைவுட்டாக இருக்கட்டும், அட்டை ஈரத்தில் வளைந்துவிடும். 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத் துண்டு ஒன்றை, ஓரத்துக்கு இணையாக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக ஒட்டி, துரு நிறம் அடித்துவிட்டு மண்ணைத் தூவுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரை மேலே ஸ்ப்ரே செய்து நனைத்த பிறகு, வெள்ளைப் பசையையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து சொட்டு சொட்டாக விட வேண்டும். நனைக்காமல் விட்டால் பசை முத்து முத்தாக உருளும். 1885-இல் திறந்த மலாயாவின் முதல் ரயில் பாதையான தைப்பிங் - போர்ட் வெல்ட் பாதையிலிருந்தே நம் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம். அதை 76-ஆல் வகுத்தால் சுமார் 13 மில்லிமீட்டர்தான், ஆகவே நம் துண்டு அகலம் அதிகம். மண்ணையும் புல்லையும் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஏற்றிவிட்டால் கண்ணை உறுத்தாது.

மரம் எது? செம்பனையை (எண்ணெய்ப் பனை) ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள், இந்த அளவில் அது கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர், ஏ4 பலகையில் மூன்று நான்கு மரத்துக்கு மேல் நிற்காது. கித்தா (ரப்பர்) மரம் வரிசைக்குள் நாலு சென்டிமீட்டருக்கு ஒன்று நிற்கும், தோட்டம் என்று உடனே தெரியும். நாலு மில்லிமீட்டர் தடிமனுக்கு மெல்லிய கம்பிகளை முறுக்கி, மேலே கிளைகளாகப் பிரித்து, வெள்ளைப் பசையில் மரத்தூள் குழைத்துப் பூசிச் சாம்பல் நிறம் கொடுங்கள். தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, இடமிருந்து வலமாகக் கீழிறங்கும் சாய்ந்த கோடு ஒன்றைக் கத்தி நுனியால் கீறுங்கள். பால் வெட்டியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், திசை மாறினால் உடனே சொல்லிவிடுவார்கள். கீழ் முனையில் ஊசி நுனியால் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு. பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்கு, மெல்லிய மின்கம்பியின் உறையை ஒரு மில்லிமீட்டர் நறுக்கிக் கறுப்படித்து ஒட்டினால் சரியாக இருக்கும்.

கடைசியாக எஞ்சினை நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் வறுத்த மண்ணை விரலில் மாவுபோல் அரைத்து, காய்ந்த தூரிகையால் சக்கரத்திலும் படியிலும் தட்டினால் எஞ்சினும் தரையும் ஒரே நிறத்துக்கு வரும். அக்ரிலிக் மூடி போட்டு உள்ளே சிலிகா பொட்டலம் ஒன்றை மரத்தின் பின்னால் மறைத்துவிட்டு, சன்னல் வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.