வவுச்சர் யார் கைக்குப் போனது? சோசலிசத்துக்குப் பிந்தைய பொருளாதாரத்தைப் படிக்கும் முறை

இந்த விஷயத்தில் நான் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையை என் வழிகாட்டி ஒரே கேள்வியோடு திருப்பிக் கொடுத்தார்: "இதில் மனிதர்கள் எங்கே?" பணவீக்கம், உற்பத்தி, தனியார்மயமான ஆலைகளின் எண்ணிக்கை எனப் பக்கம் பக்கமாக வரைபடங்கள் போட்டிருந்தேன். ஓர் ஆலையின் சாவி யாரிடம் இருந்தது என்று மட்டும் எழுதவில்லை. அதற்கப்புறம் பழகிக்கொண்ட முறை இது.

முழு நாட்டையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். ஒரு காகிதம், ஓர் ஆலை, ஒரு வயல் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது கைமாறிய வழியிலேயே போங்கள். ரஷ்யாவின் வவுச்சர், அதாவது தனியார்மயமாகும் அரசு ஆலைகளின் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டு, இதற்கு நல்ல தொடக்கம். 1992 அக்டோபரில் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள வவுச்சர் வழங்கத் தொடங்கினார்கள். காகிதத்தில் எல்லோரும் சமம். ஆனால் அந்த ஆண்டு ஜனவரி 2-ல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, விலைகள் எகிறி, குடும்பங்களின் சேமிப்பு ஏற்கெனவே கரைந்திருந்தது. கையில் காசில்லாதவர் வவுச்சரை வந்த விலைக்கு விற்றார். எந்த ஆலை தேறும் என்பது மேலாளருக்குத் தெரியும், அவர் வாங்கினார். பெரும்பாலான நிறுவனங்களில் 51 சதவீதப் பங்கை ஊழியர்களும் நிர்வாகமும் வாங்கும் வழியையே தேர்ந்தெடுத்தார்கள். பங்கு தொழிலாளியின் பெயரில் இருந்தாலும் பேச்சு இயக்குநருடையதுதான்.

அடுத்து, ஏலம் என்ற சொல்லைக் கண்டால் நடத்தியவர் யார், ஜெயித்தவர் யார் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 1995-ல் ரஷ்ய அரசு தன் நிறுவனங்களின் பங்குகளை அடமானம் வைத்து வங்கிகளிடம் கடன் வாங்கியது; யார் கடன் கொடுத்துப் பங்கைப் பிடித்துக்கொள்வது என்பதை ஏலத்தில் முடிவு செய்தார்கள். நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோக நிறுவனத்தின் 38 சதவீதப் பங்குக்கான ஏலத்தை நடத்தியது ஒனெக்சிம் வங்கி. ஆரம்ப விலை 17 கோடி டாலர். ஏலத்தில் ஜெயித்ததும் அதே வங்கியின் தரப்புதான், 17.01 கோடிக்கு. 35.5 கோடி தர முன்வந்த போட்டியாளரை நிராகரித்துவிட்டார்கள். இந்த ஒரு பத்தியை எழுதிவிட்டால் 'சந்தைச் சீர்திருத்தம்' என்ற சொல்லை அப்புறம் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுவீர்கள்.

பண்பாட்டுக்கு வரும்போது நிதானம் வேண்டும். "அவர்கள் பண்பாடு அப்படி" என்று முடிப்பது சோம்பேறித்தனம்; நானும் செய்திருக்கிறேன். பழக்கம் எந்த நெருக்கடியில் பிறந்தது என்று கேளுங்கள். சோவியத் கடைகளில் பொருள் கிடைக்காத காலத்தில் பணத்தைவிட ஆள் பழக்கம் பெரிது. அதற்கு ரஷ்யர்கள் 'பிளாட்' என்றார்கள்; நாம் சிபாரிசு என்போம். கடைகளில் பொருள் நிறைந்த பிறகும் அது சாகவில்லை. இறைச்சியை விட்டுவிட்டு உரிமத்துக்கும் கடனுக்கும் இடம் மாறியது.

மக்கள் பயன்படுத்திய சொற்களையும் சேகரியுங்கள். செக் நாட்டில் வவுச்சரைப் போன்ற கூப்பன் திட்டம் வந்தபோது விக்டர் கொஷெனியின் முதலீட்டு நிறுவனம் தன் பெயரில் 'ஹார்வர்ட்' என்று வைத்துக்கொண்டு, போட்ட பணம் பத்து மடங்காகும் என்று விளம்பரம் செய்தது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறுவனங்களை உள்ளே இருப்பவர்களே காலி செய்ததற்குச் செக் மக்கள் வைத்த பெயர் 'சுரங்கப்பாதை தோண்டுதல்'. எந்த அட்டவணையும் அவ்வளவு சொல்லாது.

நிலம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ருமேனியாவின் 1991-ம் ஆண்டின் 18-ம் எண் சட்டம், கூட்டுப்பண்ணையில் சேர்க்கப்பட்ட நிலத்தைக் குடும்பத்துக்கு 10 ஹெக்டேர் வரை திருப்பித் தரச் சொன்னது. கூட்டுப்பண்ணையில் பழைய வரப்புகள் அழிந்திருந்தன. அப்படியானால் யாருடைய ஞாபகம் செல்லும்? நிலத்தைத் திருப்பித் தருவதை முடிவு செய்த ஊர் ஆணையத்தின் தலைவர் மேயர். அவர் ஒப்புக்கொண்ட ஞாபகமே எல்லைக்கோடு. ஆணையத்தில் உட்கார்ந்தவர்கள், பழைய பண்ணை அதிகாரிகள், நல்ல மண் கிடைத்தவர்கள் என மூன்று பட்டியல் போட்டு, ஒரே பெயர் எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

வரைபடங்களைக் கடைசியில் சேர்த்தால் போதும். இரண்டாவது முறை நான் ஒன்றே ஒன்றுதான் வைத்தேன். அதையும் வழிகாட்டி திருப்பிக் கொடுத்தார். இம்முறை ஓரத்தில் எழுதியிருந்தது: "மேயரின் மைத்துனர் யார்?"