எந்தப் பக்கத்தில் திரும்பினான்? இரண்டாம் பாகத்துக்குக் கருத்து எழுத உட்காருகிறவர்களுக்கு

மாயவரத்தில் 22 ஆண்டுகள் வாடகை நூல்நிலையம் நடத்தினேன். முக்கால்வாசி குடும்ப நாவல்கள்தான். 'புத்தகத்தில் எழுதாதீர்கள்' என்று முதல் பக்கத்தில் ரப்பர் முத்திரை குத்தியிருப்பேன். கடைசி வெள்ளைத்தாளில் பென்சிலில் கருத்து எழுதி வரும். 'அருமை.' 'அழுதுவிட்டேன்.' 'ஹீரோவுக்குத் திமிர்.' முதல் சில மாதங்கள் ரப்பரால் அழித்தேன். பிறகு அழிப்பதை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். எந்தக் கருத்தை நம்பி அடுத்தவருக்கு ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டலாம் என்பதை அந்தத் தாள்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் தகராறு பிடித்தது, காதல் என்றாலே ஒதுங்கிப் போகிற நாயகனை வைத்து வரும் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் இவன் நாயகியின் அண்ணனாகவோ நாயகனின் நண்பனாகவோ வந்து, நாலு இடத்தில் கிண்டல் பேசி, எல்லோரையும் கவர்ந்திருப்பான். 'இவனுக்கும் ஒரு கதை எழுதுங்கள்' என்று வாசகர்களே கேட்டிருப்பார்கள். எழுதி வந்ததும், 'பழைய கலகலப்பு எங்கே?' என்பார்கள். கிண்டல் பேசுகிறவனை முந்நூறு பக்கம் இழுத்தால் அவனுக்குள்ளே இருப்பது வெளியே வராமல் என்ன செய்யும்?

அதனால் முதல் வேலை, முதல் பாகத்தில் அவன் வருகிற இடங்களை மட்டும் ஒருமுறை திரும்பப் படிப்பது. அரை மணி நேரம் போதும். நாம் நினைவில் வைத்திருக்கும் ஆள் வேறு, அச்சில் இருக்கும் ஆள் வேறு என்பது பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சு எடுத்ததும் எழுந்து போனானே, அதை அன்று நகைச்சுவை என்று கடந்திருப்போம். அந்த விதை அங்கே இருந்தால் ஆசிரியருக்கு ஒரு மதிப்பெண். இல்லாமல், இரண்டாம் பாகத்தின் மூன்றாவது அத்தியாயத்தில் புதிதாக ஒரு பழைய காதலியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அதைக் கருத்தில் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு பென்சிலோடு படியுங்கள். (இரவல் புத்தகம் என்றால் ஒரு துண்டுத்தாள்; இதை எழுதுவது நான் என்பதை மறக்க வேண்டாம்.) மூன்றே பக்க எண்கள் குறித்தால் போதும்: அவன் முதலில் பின்வாங்கும் இடம், காரணம் தெரியவரும் இடம், மனம் திரும்பும் இடம். மூன்றாவதுதான் உயிர். அதைக் குறிக்க முடியவில்லை என்றால், ஆசிரியர் அதை எழுதவில்லை, அல்லது நீங்கள் தூக்கக் கலக்கத்தில் புரட்டியிருக்கிறீர்கள். எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பயப்படுகிறவனையும் பண்பில்லாதவனையும் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்றுதான் பழமொழி. அடுப்பு மூட்டுகிறவளைப் பிராண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாயகியை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு, கடைசியில் 'என் கடந்த காலம்' என்று ஒருவன் கண் கலங்கினால், நான் அவனைக் காதலுக்கு அஞ்சியவன் கணக்கில் சேர்ப்பதில்லை. அஞ்சுகிறவன் விலகிப் போவான், பேச்சை மாற்றுவான், தேவையில்லாமல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வான். எந்த வகை என்று ஒரு வரி எழுதினால், வாங்க நினைக்கிறவருக்கு அது பத்து நட்சத்திரத்துக்குச் சமம்.

வாசகர் சொல்வதற்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தில், மழை நாளில் ஒருவனிடம் ஏமாந்து வரும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, விஷயத்தை அதோடு முடித்துவிடுகிறாள் தாய். பெரிய சர்ச்சை ஆயிற்று. அந்தத் தாய் மாறாக ஊருக்கே தெரியும்படி அலறியிருந்தால் என்ன ஆகும் என்று அவர் எழுதிப் பார்த்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதற்கும் ஒரு தொடர்ச்சி வந்தது. கவனித்தால், அன்று சண்டை போட்டவர்கள் கதை நன்று, தீது என்று பொதுவாகப் பேசவில்லை. அந்தத் தண்ணீர் ஊற்றியது சரியா என்ற ஒற்றைச் செயலைப் பிடித்துக்கொண்டார்கள்.

சொந்த ஆசையைத் தனியாக எழுதுங்கள். 'இவளுக்குப் பதில் அந்த டாக்டர் பெண்ணைக் கட்டியிருக்கலாம்' என்பது ஆசை. அது புத்தகத்தின் குறை ஆகாது. ஆசைப்படுவதில் தவறொன்றும் இல்லை. 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது அப்புறம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கியே முடிவுரை எழுத வேண்டி வந்தது.

முடிவை உடைக்காமல் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். நிகழ்ச்சியைச் சொல்லாமல் பக்க எண்ணைச் சொல்லுங்கள். கைபேசியில் படிப்பவர்களுக்கு அத்தியாய எண். படித்தவருக்குப் புரியும், படிக்காதவருக்கு ஆவல் வரும்.

இதைக் கற்றுக் கொடுத்தவர் என் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஒரு இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நாயகன் கால்நடை மருத்துவன். அப்பா விட்டுப்போன வீடு. கடிதத்துக்காகத் திண்ணையில் காத்திருக்கும் அம்மாவிடம், தபால்காரர் கடந்து போன பிறகும், 'இன்னும் வரவில்லை அம்மா' என்று பன்னிரண்டு வயதில் பொய் சொல்லிப் பழகியவன். இதற்குமேல் கதை சொன்னால் என் யோசனையை நானே மீறுவேன். ஆனால் அந்தப் புத்தகம் இப்போது அச்சில் இல்லை, பெயரையும் நான் சொல்லப்போவதில்லை, ஆகவே மீறுகிறேன்.

"கடைசியில் விபத்து, ஆஸ்பத்திரி வராந்தா, அங்கே இவனுக்கு ஞானோதயம். வழக்கம்போலத்தான், இல்லையா டீச்சர்?" என்றேன்.

"விபத்து வருவதற்கு முன்பே அவன் திரும்பிவிட்டான் அம்மா. நீ பார்க்கவில்லையா?" என்று புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் 187. நாயகி வேலை முடிந்து வர நேரமாகிறது. அவள் அம்மா வாசலில் நிற்கிறாள். கடைசி பஸ் போய்விட்டது இவனுக்குத் தெரியும். 'பஸ் இன்னும் வரவில்லை அம்மா' என்கிறான். சொன்ன வாய் அப்படியே நின்றுவிடுகிறது. பைக் சாவியை எடுக்கிறான். ஆசிரியர் அதற்குமேல் ஒரு வரி விளக்கம் எழுதவில்லை. நான் இரண்டு முறை படித்தும் கோட்டை விட்டிருந்தேன்.

அன்று கடைசித்தாளில் டீச்சர் எழுதியது இவ்வளவுதான்: '187இல் திரும்பினான். அதன் பிறகு வரும் விபத்து வீண். ஆனாலும் 187க்காகப் படிக்கலாம்.' அந்த மாதம் அந்தப் புத்தகம் அலமாரியில் தங்கவே இல்லை. திரும்பி வந்தபோது அதன் கீழே வேறு கையெழுத்தில், 'இல்லை, 212' என்று இருந்தது. அதற்கும் கீழே, மூன்றாவதாக ஒருவர், பென்சிலை அழுத்திப் பிடித்து: '187தான். 94ஐயும் பாருங்கள்.'

94ஆம் பக்கத்தில் அவன் ஒரு கன்றுக்குட்டிக்குக் கட்டுப் போடுகிறான். கடையை மூடியபோது அந்த ஒரு புத்தகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த மூன்றாவது ஆள் என்ன பார்த்தார் என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.