மிச்ச மின்சாரத்தில் வெந்நீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் கீழ்மலையில், மின்வாரியக் கம்பி வந்து சேராத ஒரு காப்பித் தோட்ட வீட்டில் சூரிய மின்சாரத்தை மட்டும் நம்பிக் குடியிருக்கிறேன். கூரையில் 330 வாட் பேனல்கள் பன்னிரண்டு, ஆறு ஆறாக இரண்டு வரிசைகளில் இருக்கின்றன. வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் பகல் பதினொரு மணிக்கெல்லாம் பேட்டரி நிறைந்துவிடும். அதன்பின் சார்ஜ் கன்ட்ரோலர் பேனல்களை அடக்கி வைத்துவிடுவதால், 4 கிலோவாட் கிடைக்கக்கூடிய கூரையிலிருந்து வீட்டுக்குத் தேவையான இருநூறு முந்நூறு வாட் மட்டுமே இறங்கும். மீதி யார் கண்ணிலும் படாமல் வீணாகும். அந்த மிச்சத்தில் வெந்நீர் போடலாம் என்ற எண்ணம் இப்படி வாழும் எவருக்கும் ஒருநாள் வந்தே தீரும்.

அண்மையில் அக்கம்பக்கத் தோட்டங்களில் சிலர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். நான் செய்த பிழைகளையே அவர்கள் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பேனலில் தூசி, சில்வர் ஓக் மர நிழல், மெலிந்த வயர் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிறிய தொட்டி

ஒரு யூனிட் மின்சாரம் 100 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஏறத்தாழ 8.6 டிகிரி உயர்த்தும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். மலைத் தண்ணீர் 18 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை 55 டிகிரிக்குக் கொண்டுசெல்ல 100 லிட்டருக்கு 4.3 யூனிட் தேவைப்படும். வீட்டில் கிடந்த 15 லிட்டர் கீசருக்கோ முக்கால் யூனிட்கூடத் தேவைப்படாது. அது நண்பகலுக்கு முன்பே சூடாகிவிடும், மிச்சம் பழையபடி மிச்சமாகவே இருக்கும். ஒரு நாளின் மிச்சம் எத்தனை யூனிட் என்று முதலில் பார்த்துவிட்டுத் தொட்டியை வாங்க வேண்டும்.

பேனலின் டிசி மின்சாரத்தைக் கீசரின் தெர்மோஸ்டாட் வழியாகவே அனுப்புவது

எனக்கு இன்னமும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். செய்தவன் நான் என்பதால் எரிச்சல் இருமடங்கு.

இதற்குத் தூண்டும் வாதம் மிகவும் இனிமையானது. கீசர் காயில் வெறும் மின்தடைக் கம்பிதானே, அதற்கு ஏசி (வீட்டு மின்சாரம்போலத் திசை மாறி மாறி ஓடுவது) என்றும் டிசி (பேனல் தருவதுபோல ஒரே திசையில் ஓடுவது) என்றும் வேறுபாடு உண்டா, பேனலிலிருந்து நேராகக் கொடுத்தால் இன்வெர்ட்டரில் போகும் பத்து சதவீத இழப்பு மிச்சமாகுமே என்பது அந்த வாதம். காயிலைப் பொறுத்தவரை அது உண்மைதான். 230 வோல்ட், 2 கிலோவாட் காயிலின் தடை சுமார் 26 ஓம். என் ஆறு பேனல்கள் வரிசையாக இணைந்து, நல்ல வெயிலில் 225 வோல்ட், 8.8 ஆம்பியர் கொடுக்கும். இரண்டும் அளந்து தைத்ததுபோலப் பொருந்தின. ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்சை வைத்து, பேட்டரி நிறைந்ததும் ஒரு வரிசையைச் சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிக் கீசருக்குத் திருப்பிவிட்டேன்.

நான் இதை மாட்டியது ஒரு நவம்பர் மாதத்தில். மூடுபனியும் தூறலுமாக இருந்த அந்த வாரங்களில் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டவே இல்லை. ஆகவே 60 டிகிரியானதும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி வைத்திருந்த தெர்மோஸ்டாட் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது என்று இரண்டு மாதங்கள் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் வானம் வெளுத்த மூன்றாம் நாள், களத்தில் காப்பிப் பழத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, குளியலறைப் பக்கமிருந்து பிரஷர் குக்கர் விடாமல் சீறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து நீராவி பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. வெந்நீர்ப் பக்கம் நான் சிக்கனமாகப் போட்டிருந்த பிவிசி குழாய் இளகி, துணி காயப்போட்ட கொடிபோலத் தொய்ந்து தொங்கியது. அந்த வால்வு அன்று வேலை செய்திருக்காவிட்டால் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை.

ஆறிய பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தேன். மிளகளவே இருக்கும் இரண்டு வெள்ளித் தொடுமுனைகளும் உருகி ஒரே குமிழாக ஒட்டியிருந்தன. சுற்றியிருந்த பேக்கலைட் கருகி நாறியது. வீட்டு மின்சாரமான 50 ஹெர்ட்ஸ் ஏசி ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்கிறது. ஆகையால் தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி அடுத்த பூஜ்யத்திலேயே அணைந்துவிடுகிறது. டிசிக்கு அப்படிப்பட்ட பூஜ்யம் எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் சிறு இடைவெளியில் 225 வோல்ட் டிசி வெல்டிங் பட்டறையில் காண்பதுபோல விடாமல் எரியும். அமித வெப்பத்தில் துண்டிப்பதற்காக உள்ளே இருக்கும் இரண்டாவது கட்டவுட்டும் அதே வகைத் தொடுமுனைதான் என்பதால் அதுவும் காப்பாற்றாது. ஃப்யூஸ் போய்விடும் என்று நம்புவதும் வீண். பேனல் முழு ஷார்ட்டில் தருவதே 9.3 ஆம்பியர் அளவுக்குத்தான் என்பதால் எந்த ஃப்யூஸுக்கும் இங்கே ஒரு கோளாறு நடக்கிறது என்றே தெரியாது.

சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர் தன் ஏற்பாட்டைக் காட்ட அழைத்தார். "அண்ணே, தெர்மோஸ்டாட்ல 16 ஆம்பியர்னு போட்டிருக்கு, நம்ம பேனல் 9 ஆம்பியரைத் தாண்டாதே" என்றார். நானும் அன்று அதே எண்ணைப் பார்த்துத்தான் நிம்மதியடைந்தேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அலைக்குறி பொறித்திருக்கும். இந்த அளவு ஏசிக்கு மட்டுமே பொருந்தும் என்பது அதன் பொருள். அதை விரலால் தொட்டுக் காட்டிய பிறகே அவர் வயரைக் கழற்றினார். இரண்டு வாரம் கழித்து, தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த சாலிட் ஸ்டேட் ரிலே (தொடுமுனை இல்லாத மின்னணு சுவிட்ச்) ஒன்றை மாட்டியிருப்பதாகத் தகவல் சொன்னார். அதுவும் ஏசிக்கு உரியது! அத்தகைய ரிலேக்குள் இருக்கும் ட்ரையாக், மின்னோட்டம் பூஜ்யமாகும்போதுதான் அணையும். டிசியில் ஒருமுறை மின்சாரத்தை விட்டுவிட்டால் மாலையில் வெயில் இறங்கும்வரை அது அணையாது.

நேரடி டிசிதான் வேண்டும் என்பவர்கள், தெர்மோஸ்டாட்டையும் கட்டவுட்டையும் 12 வோல்ட் கட்டுப்பாட்டுச் சுற்றில் மட்டும் வைத்து, காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை டிசிக்கென்றே செய்யப்பட்ட கான்டாக்டரிடம் (சிறு மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) விட வேண்டும். அதன் தாங்குதிறனை 225 வோல்ட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சுமையில்லாதபோது என் வரிசை 276 வோல்ட்டைத் தொடும், குளிர்ந்த காலையில் அதையும் தாண்டும். எம்சிபியும் (ட்ரிப் சுவிட்ச்) டிசிக்கு உரியதாக இருக்க வேண்டும். மேலே திறந்த வென்ட் குழாய் உள்ள தொட்டியாக இருந்தால், எது ஒட்டிக்கொண்டாலும் நீராவி வெளியேற வழியிருக்கும். இவ்வளவையும் வாங்கிப் பார்த்தபின் நான் இன்வெர்ட்டர் வழிக்கே திரும்பிவிட்டேன். பத்து சதவீதம் போனால் போகட்டும்.

மேகம் வந்தால் பாதி கிடைக்கும் என்று நம்புவது

கால் பங்குதான் கிடைக்கும். வெயில் பாதியானால் பேனல் 4.4 ஆம்பியர் தரும். 26 ஓம் காயிலில் அதற்கேற்ற வோல்ட் 115, வெப்பம் சுமார் 500 வாட். பேனலால் அப்போதும் 1000 வாட் தர முடியும், ஆனால் நேரடி இணைப்பில் அதைக் கறக்க வழியில்லை. நேரடி டிசியில் எனக்குக் கோபம் வர இது இரண்டாவது காரணம்.

பேட்டரிக்கு முன்பே கீசருக்குப் பந்தி

டைமர் வைத்துப் பதினொரு மணிக்குக் கீசரைப் போடுகிறவர்கள் உண்டு. கடிகாரத்துக்கு மேகம் தெரியாது. பேட்டரி 57.6 வோல்ட்டைத் தொட்டவுடனே கீசரை இயக்குகிறவர்கள் அவர்களைவிடச் சற்றுத் தேவலாம் என்றாலும் அவர்களும் தவறுகிறார்கள். 48 வோல்ட் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி அந்த அளவைத் தொட்டதும் நிறைந்துவிடுவதில்லை. அதே வோல்ட்டில் மேலும் சில மணி நேரம் நின்று, மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறைந்த பிறகுதான் நிறைகிறது. அந்த நேரத்தில் 2 கிலோவாட்டை உருவினால் வோல்ட் சரியும், கீசர் அணையும், மீண்டும் ஏறும், மீண்டும் உருவும். நாளடைவில் தகடுகளில் சல்பேட் படியும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் எண் குறைவதைக் கண்டு டிஸ்டில்ட் வாட்டரின் மேல் பழிபோட்ட காலம் எனக்கும் உண்டு. கன்ட்ரோலர் ஃப்ளோட் நிலைக்கு (நிறைந்த பேட்டரியை அப்படியே தாங்கி நிற்கும் நிலை) வந்த பிறகே கீசர் ஓட வேண்டும். அதற்கான துணை ரிலே பல கன்ட்ரோலர்களில் இருக்கிறது. காயிலையும் 2 கிலோவாட்டிலிருந்து 500 அல்லது 750 வாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மேகம் கடந்துபோகும் நேரத்தில் பேட்டரியைக் கறந்து தண்ணீர் காய்ச்சும் அவலம் பெருமளவு குறையும்.

ஃபேன் ரெகுலேட்டரால் காயிலைக் குறைப்பது

செய்யாதீர்கள்.

எர்த் இல்லாத கீசர்

கூடவே கூடாது. இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாத வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டுவதும் வெறும் அலங்காரம்தான்.

வெந்நீருக்கென்றே பேனல் வாங்குவது

இருக்கும் மிச்சத்தைப் பயன்படுத்துவது வேறு, வெந்நீருக்காகப் பேனலைக் கூட்டுவது வேறு. பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டர் பாதிக்கும் குறையாமல் தண்ணீரில் சேர்க்கும். வெந்நீர் மட்டும்தான் தேவை என்றால் அதை வாங்குங்கள்.

விறகடுப்பை இடிப்பது

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் பேட்டரி நிறைவதே அபூர்வமாகிவிடும், மிச்சத்துக்கு எங்கே போவது? முதல் ஆண்டு நான் பின்கட்டு அடுப்பைக் கடப்பாரையோடு அணுகியபோது, செப்புப் பாய்லரின் முன்னால் நின்று மறித்தவர் என் அம்மா. ஜனவரி முதல் மே வரை அந்தப் பாய்லரில் காப்பி விதைச் சாக்குகளை மூடும் தார்ப்பாயை மடித்து வைத்திருப்போம். அக்டோபரில் தார்ப்பாய் வெளியே வரும், காப்பிச் செடி கவாத்து செய்த குச்சிகள் உள்ளே போகும்.